ஊர் இடிந்த பிறகு தெருக்களை மாற்றிப் போடுவது எப்படி? சென்னையை வைத்து ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: பெரிய நிலநடுக்கத்தில் ஊரின் பழைய பகுதி இடிந்துவிட்டால், அந்தச் சமயத்திலேயே தெருக்களை நேராகவும் அகலமாகவும் போட்டுவிடலாமே, பிறகு ஏன் பல ஊர்கள் பழைய சந்துகளுக்கே திரும்பிவிடுகின்றன? சௌகார்பேட்டை, திருவல்லிக்கேணி, தி. நகர் மாதிரி இடங்களில் அப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

தெருக்கோடு வரைய ஒரு வாரம் போதும். அந்தக் கோட்டுக்கு அடியில் கிடக்கும் மனை யாருடையது, அவருக்கு எவ்வளவு இடம் எங்கே திரும்பக் கிடைக்கும், அதுவரை அவர் குடும்பம் எங்கே இருக்கும் என்ற மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் கோடு தாளிலேயே நின்றுவிடும். மக்கள் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் முடியாது. பழைய அஸ்திவாரத்தின் மேலேயே தகரக் கொட்டகை எழும்பும். அடுத்த வருடம் அது செங்கல் சுவராகும். அதற்குப் பிறகு எந்தத் திட்டமும் அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாது. ஆகவே தெருவைப் பற்றிப் பேச வந்தாலும் இந்தப் பதிலில் பாதி, மனைகளைப் பற்றித்தான் இருக்கும்.

சென்னைக்கு இந்தக் கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு வரி. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையில் நன்றாகவே உணரப்பட்டது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893, 2002இல் திருத்தப்பட்டபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு, அதாவது மிதமான ஆபத்துள்ள பகுதிக்கு மாற்றியது. குஜராத்தின் புஜ் நகரை 2001இல் இடித்த நிலநடுக்கம் அளவுக்கு இங்கே வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரும் மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் உள்ள ஜார்ஜ் டவுன் கட்டடங்களுக்கும், தரைத்தளம் முழுக்கத் தூண் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங் அடுக்ககங்களுக்கும் மிதமான குலுக்கலே பெரிய சேதம் தரும். 2001 ஜனவரி 26இல் அந்த நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல, தரைத்தளம் திறந்து கிடந்தவைதான்.

தெரு அகலம் ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதை அதே நாளில் கட்ச் மாவட்டத்தின் அஞ்சார் காட்டியது. குடியரசு தின ஊர்வலமாகப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு குறுகிய சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது இரு பக்கக் கட்டடங்களும் அவர்கள் மேலேயே விழுந்தன. பிள்ளைகள் வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருந்தார்கள். தெருவே ஒதுங்க இடமில்லாத பள்ளமாகிவிட்டது.

இதைக் கணக்காக வைத்துக்கொள்ள ஒரு எளிய வழி இருக்கிறது. செங்கல் சுவர்க் கட்டடம் சரிந்தால் இடிபாடு அதன் உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தூரம் தெருப் பக்கம் பரவும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் விழுந்த பிறகும் நடுவே 4 மீட்டராவது மிஞ்சினால்தான் தீயணைப்பு வண்டியோ ஜேசிபியோ உள்ளே வரும். தரைத்தளமும் இரண்டு மாடியும் உள்ள வீடு ஏறக்குறைய 10 மீட்டர் உயரம். ஒரு பக்கத்துக்கு 3.3 மீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 6.6 மீட்டர். 12 மீட்டர் தெருவில் 5.4 மிஞ்சும், வண்டி போகும். அதே தெருவில் 15 மீட்டர் உயரக் கட்டடங்கள் நின்றால் 10 மீட்டர் இடிபாடு, மிச்சம் 2 மீட்டர். வண்டி நுழையாது.

இங்கே கவனிக்க வேண்டியது, கணக்கில் வருவது தார் ரோட்டின் அகலமே இல்லை. இந்தப் பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் நடுவே உள்ள தூரம். அதே 12 மீட்டர் தெருவில் இரு பக்கமும் 3 மீட்டர் முன் செட்பேக், அதாவது வீட்டுச் சுவருக்கு முன்னால் காலியிடம் விட்டால் சுவருக்குச் சுவர் 18 மீட்டர். 15 மீட்டர் உயரக் கட்டடம் விழுந்தாலும் 8 மீட்டர் மிஞ்சும். ஆக, தெரு அடைபடாமல் இருக்க மூன்று வழிகள்: மனையை எடுப்பது, செட்பேக்கைக் கூட்டுவது, உயரத்தைக் குறைப்பது. நம் ஊரில் அரசு முதல் வழியை மட்டுமே நினைக்கிறது. அதுதான் இருப்பதிலேயே செலவும் வழக்கும் அதிகமானது. (ஸ்டில்ட் அடுக்ககங்களுக்கு மூன்றில் ஒரு பங்குக் கணக்கு பொருந்தாது. தரைத்தளத் தூண்கள் நொறுங்கினால் மேல்மாடிகள் அப்படியே தெருப்பக்கம் சாய வாய்ப்புண்டு. அதற்குத் தெருவை அகலப்படுத்துவதைவிடத் தூண்களை வலுப்படுத்துவதே மருந்து.)

1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கத்தில் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன் அழிந்தபோது, நாட்டின் தலைமைப் பொறியாளராக இருந்த 78 வயது மனுவேல் த மாயா அரசின் முன் ஐந்து வழிகளை வைத்தார். பழையபடியே கட்டுவது, பழைய உயரத்தோடு தெருக்களை மட்டும் அகலப்படுத்துவது, உயரத்தைக் குறைத்து, தெருவையும் அகலப்படுத்துவது, தாழ்வான நடுப்பகுதியை முழுக்க இடித்துச் சமன் செய்து புதிய தெருக்கள் போடுவது, ஊரையே வேறிடத்துக்கு மாற்றுவது. லிஸ்பன் நான்காவதை எடுத்தது. முக்கியத் தெருக்கள் 60 பால்மோ, அதாவது 13 மீட்டருக்குச் சற்று அதிகமான அகலத்தில் போடப்பட்டன. 270 ஆண்டுகள் கழிந்தும் எந்த ஊரின் முன்னாலும் இருப்பவை இந்த ஐந்து வழிகள்தான். ஆனால் நான்காவது வழி நடந்ததற்குக் காரணம், எதிர்த்துப் பேச முடியாத அதிகாரம் அரசரின் அமைச்சர் பொம்பால் கையில் இருந்தது. பட்டா வைத்திருப்பவர் உயர் நீதிமன்றம் போகக்கூடிய ஊரில் மூன்றாவது வழிதான் நடைமுறைக்கு வரும்; மண் மோசமான இடங்களில் மட்டும் சிறிய அளவில் ஐந்தாவது.

வரைபடம் தயாராக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோ பதில். கட்டடக் கலைஞர் டேனியல் பர்னம் அந்த ஊருக்காக அகலச் சாலைகளும் பூங்காக்களும் கொண்ட திட்டத்தை 1905இல் கொடுத்துவிட்டார். அடுத்த ஏப்ரலில் நிலநடுக்கமும் தீயும் நகரத்தின் மையத்தைத் துடைத்தெடுத்தன. வெற்று நிலமும் கையில் திட்டமும் சேர்ந்தே இருந்தும், ஊர் ஏறக்குறைய பழைய தெருக்கோடுகளின் மேலேயே எழுந்தது. வணிகர்கள் உடனே கடை திறக்க வேண்டியிருந்தது. மனையைக் குறைத்து வாங்கிக்கொள்ள அவர்களைச் சம்மதிக்க வைக்கும் கருவி எதுவும் அரசிடம் இல்லை. நிலப் பதிவேடுகளே எரிந்துபோனதால், உரிமையை நீதிமன்றத்தில் மறுபடி நிலைநாட்ட மெக்கனர்னி சட்டம் என்று தனியாக ஒன்று போட வேண்டியிருந்தது.

அந்தக் கருவிக்கு ஜப்பானில் குக்காகு செய்ரி என்று பெயர். குஜராத்தில் டவுன் பிளானிங் ஸ்கீம், நம் ஊர் விதிகளில் லேண்ட் பூலிங். ஒரு பகுதியின் எல்லா மனைகளையும் சேர்த்து, தெருவுக்கும் பூங்காவுக்கும் வேண்டியதை எடுத்துவிட்டு, மிச்சத்தை எல்லோருக்கும் சற்றுச் சிறிய மனைகளாகத் திருப்பிக் கொடுப்பது. 1923 செப்டம்பரில் நிலநடுக்கத்தில் டோக்கியோ எரிந்த பிறகு, உள்துறை அமைச்சர் கோட்டோ ஷின்பெய் கேட்ட பணத்தை நாடாளுமன்றம் கடுமையாக வெட்டியது. அப்படியும் இந்த முறையில்தான் ஷோவா அவென்யூ போன்ற சாலைகளும், தொடக்கப் பள்ளிகளை ஒட்டி 52 சிறு பூங்காக்களும் கிடைத்தன. மனையில் 10 சதவீதம் வரை இழப்பீடு இல்லாமலே எடுக்கச் சட்டம் இடம் கொடுத்தது.

புஜ் இதை இன்னும் நியாயமாகச் செய்தது. கோட்டைச் சுவருக்குள் இருந்த பழைய ஊரை எட்டு ஸ்கீம்களாகப் பிரித்தார்கள். 30 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனையில் ஒன்றும் எடுக்கவில்லை. 100 வரை 10 சதவீதம், 200 வரை 20, மனை பெரிதாக ஆக விகிதமும் கூடியது. பெரும்பாலும் பழைய தெருக்களின் போக்கிலேயே புதிய தெருக்கள் போயின. முட்டுச் சந்துகள் திறந்துவிடப்பட்டன. இவற்றோடு, ஊருக்கு வெளியே முந்த்ரா, ஆர்டிஓ, ராவல்வாடி, ஜிஐடிசி என்று நான்கு மாற்று இடங்களும் ஒதுக்கப்பட்டன. பலர் இந்த மாற்று இடங்களை நிவாரணம் என்று மட்டும் பார்க்கிறார்கள். தெரு அகலத்துக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைச் சென்னைக் கணக்கிலேயே காட்டுகிறேன்.

மின்ட் தெருவை ஒட்டிய ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 100 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி). அதில் இப்போது தெரு 14 கிரவுண்டு, தனியார் மனை 86. புதிய அமைப்புக்குத் தெரு 26, திறந்தவெளி 5, ஆக 31 கிரவுண்டு வேண்டும். கூடுதலாகத் தேவைப்படுவது 17. எல்லோரிடமும் சமமாக எடுத்தால் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 20 சதவீதம் இழப்பார்கள். கால் கிரவுண்டுக்குக் குறைவான மனைகளுக்கு விலக்கு கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அங்கே வீடே கட்ட முடியாது. அவை மொத்தம் 16 கிரவுண்டு என்றால் மிச்சம் 70 கிரவுண்டுக்காரர்கள் மேல் 24 சதவீதம் விழும். இந்த இடத்தில்தான் கூட்டம் கொந்தளிக்கும். இப்போது அந்த எழுபதில் 10 கிரவுண்டுக்காரர்கள், மாதவரம் பக்கமோ வேறு எங்கோ நல்ல மாற்று மனை கிடைத்ததால் தாங்களாகவே விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். தேவை 7 கிரவுண்டாகக் குறைகிறது, பகிர்ந்துகொள்பவர்களிடம் இருப்பது 60. ஒருவருக்கு 12 சதவீதத்துக்கும் குறைவு. வெளியே போக விரும்புபவர்களுக்கு முதலில் வழி செய்தால், உள்ளே இருப்பவர்களின் இழப்பு பாதியாகிறது. அதனால்தான் மாற்று இடம், தெரு வரைபடத்துக்கு முன்னால் தயாராக வேண்டும். பேருந்தும் தண்ணீரும் இல்லாத கண்காணாத இடத்தில் அதை ஒதுக்கினால் ஒருவரும் போக மாட்டார்கள், கணக்கு மறுபடியும் 24க்கே வந்துவிடும்.

சென்னையில் இதைவிடச் சிக்கலானது அடுக்ககங்களின் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு. 2 கிரவுண்டில் 20 வீடுகள் இருந்தால் ஒரு வீட்டுக்கு 240 சதுர அடி பங்கு. எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2 என்றால் மொத்தம் 9,600 சதுர அடி கட்டலாம், ஒரு வீடு 480 சதுர அடி. தெருவுக்காக மனையில் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 3,840 சதுர அடி. அதே எஃப்எஸ்ஐயில் 7,680தான் கட்டலாம், வீடு 384 சதுர அடியாகச் சுருங்கும். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழைய அளவு வேண்டுமானால் எஃப்எஸ்ஐயை 2.5 ஆக்க வேண்டும். ஆக்கினால் கட்டடம் உயரும்; உயர்ந்தால் மேலே போட்ட இடிபாட்டுக் கணக்குப்படி தெரு மறுபடியும் அடைபடும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, கூடுதல் எஃப்எஸ்ஐயை அதே தெருவில் கொடுக்காமல் டிடிஆராக, அதாவது வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டும் உரிமையாகக் கொடுத்து, அகலமான சாலையில் பயன்படுத்தவோ விற்கவோ விடுவது. 20 பேரும் ஒன்றாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையையும் தளர்த்த வேண்டும். இறந்தவரின் வாரிசு, வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், வங்கிக் கடன் பாக்கி என்று ஒரே ஒரு வீடு மொத்தக் கட்டடத்தையும் வருடக்கணக்கில் நிறுத்திவிடும்.

அடுத்தது நேரம். 1995 ஜனவரி 17இல் ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. சட்டப்படி கட்டுமானத்தை நிறுத்திவைக்க அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மாதம். மார்ச் 17 அன்று திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அப்போது மக்களில் பலர் பள்ளிக்கூட முகாம்களிலும் வெளியூர் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். தங்கள் தெருவுக்கு என்ன ஆகப்போகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு பெரிய சாலைகளையும் பெரிய பூங்காக்களையும் மட்டும் முதல் கட்டமாக வைத்துக்கொண்டு, உள் தெருக்களை அந்தந்தப் பகுதிக் குழுவோடு பேசி இரண்டாம் கட்டமாக முடிவு செய்தார்கள். தொடங்கும்போதே இப்படிப் பிரித்திருந்தால் பல மாதச் சண்டையைத் தவிர்த்திருக்கலாம்.

என் பரிந்துரை, முதல் இருபது நாளுக்குள் எது மாறப்போகிறது என்பதைவிட எது மாறாது என்பதை அறிவித்துவிட வேண்டும். கோடு மாறாத தெருக்களை வரைபடத்தில் பச்சையாகக் குறித்து, அங்கே பொறியாளர் சான்றோடு உடனே கட்ட அனுமதி கொடுங்கள். ஊரில் பெரும்பகுதி அப்படித்தான் இருக்கும். அகலப்படுத்த வேண்டிய தெருக்களில், கோட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டினால் சரி என்று மஞ்சள். மண்ணே கைவிட்ட இடம், முழுக்க மறுபடி வரைய வேண்டிய இடம் மட்டும் சிவப்பு; அதற்குத் தேதி போட்ட தடை. தேதி இல்லாத தடை கொடுமை. நிகராகுவாவின் மனாகுவாவில் 1972 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர் நடுவே பல பத்தாண்டுகள் பாழாகவே கிடந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு போட்ட மையப்பகுதித் தடுப்பு 2013 ஜூன் வரை முழுதாக விலகவில்லை. அதற்குள் கடைகளும் அலுவலகங்களும் புறநகரில் வேரூன்றிவிட்டன.

மண்ணைப் பற்றி. தி. நகர், 1920களில் நீளமான மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் தளர்ந்த மணலும் களிமண்ணும், மிக மேலேயே நிலத்தடி நீரும். நீர் நிறைந்த தளர்மணல் குலுங்கும்போது குழம்பாகிவிடும். ஆற்றோரத்தில் கரையே ஆற்றுப் பக்கம் நகரும். அதோடு தெருவும் குழாயும் பிளக்கும். கிறைஸ்ட்சர்ச்சில் ஏவன் ஆற்றோரத்தையும் மற்ற மோசமான பகுதிகளையும் சேர்த்து ஏறக்குறைய 8,000 வீட்டு மனைகளைக் கைவிட வேண்டிவந்தது. சான் பிரான்சிஸ்கோவின் மரீனா பகுதி கடலைத் தூர்த்து உண்டானது. 1989 நிலநடுக்கத்தில் அந்த மண்தான் இளகியது. எனவே முதல் மாதத்திலேயே போர்ஹோல், அதாவது மண்ணைச் சோதிக்கும் துளை, போட வேண்டும். தெருக்கோடு வரையும் பகுதியில் 100 மீட்டருக்கு ஒன்று, ஆற்றோரத்தில் 50 மீட்டருக்கு ஒன்று, குறைந்தது 15 மீட்டர் ஆழம், ஒவ்வொரு ஒன்றரை மீட்டருக்கும் மண்ணின் உறுதியை அளக்கும் எஸ்பிடி சோதனை. முக்கிய மீட்புச் சாலை மோசமான மண் மேல் போகிறதா என்று பார்த்து, முடிந்தால் ஒரு தெரு தள்ளி வைத்துவிடலாம். தாளில் கோட்டை நகர்த்தச் செலவே இல்லை.

இனி தெருக்கள். மீட்புச் சாலை 18 முதல் 24 மீட்டர், ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒன்று. நடுத்தரத் தெரு 12 மீட்டர், 150 முதல் 200 மீட்டருக்கு ஒன்று. உள் தெரு 6 முதல் 7.5 மீட்டர். அதற்கும் குறுகலான பழைய சந்துகளை எல்லாம் ஒழிக்கத் தேவையில்லை. இரு முனையும் திறந்திருக்க வேண்டும், எந்த வாசலும் வண்டி வரும் தெருவிலிருந்து 45 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. 45 என்பது 15 மீட்டர் தீயணைப்புக் குழாய்த் துண்டு மூன்று. இந்த ஒரு விதியே திருவல்லிக்கேணியில் பல சந்துகளைக் காப்பாற்றும். வழிபாட்டு ஊர்வலம், திண்ணை, நிழல் எல்லாம் அந்தச் சந்துகளில்தான் இருக்கின்றன. 1993 நிலநடுக்கத்துக்குப் பிறகு மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் கிராமங்களைக் கட்டம் கட்டமாக அகலத் தெருக்களோடு வேறிடத்தில் கட்டியபோது, உறவுக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த அமைப்பு போய்விட்டது என்ற குறை இன்றுவரை பேசப்படுகிறது.

12 மீட்டர் தெருவின் குறுக்கு வெட்டு இப்படி வரும்: நடுவே வண்டி ஓட 7 மீட்டர், இரு பக்கமும் 1.8 மீட்டர் நடைபாதை, நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவே 0.7 மீட்டர் பட்டை. மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், தெருவிளக்கு, மரம் எல்லாம் அந்தப் பட்டைக்குள் அடங்க வேண்டும். அந்தப் பட்டையை விடாமல் வரைந்தால் பில்லர் பாக்ஸ் நடைபாதைக்கு வரும், நடப்பவர்கள் ரோட்டுக்கு வருவார்கள். நம் ஊரில் எங்கு பார்த்தாலும் இதுதான்.

அகலத்தைவிட அடிக்கடி கோட்டைவிடும் இடம் முனை. தீயணைப்பு வண்டி திரும்ப தேசியக் கட்டட விதிகள் 9 மீட்டர் ஆரம் கேட்கின்றன. இரண்டு 6 மீட்டர் தெருக்கள் செங்குத்தாகச் சந்தித்து, முனை வீட்டின் காம்பவுண்டுச் சுவர் கூராக நீட்டிக்கொண்டிருந்தால் வண்டி முன்னும் பின்னுமாக எடுத்தே திரும்ப வேண்டும். ஒரு பைக் நின்றாலும் முடியாது. முனையில் இரு பக்கமும் 3 மீட்டர் அளந்து சாய்வாக வெட்டினால் வீட்டுக்காரருக்குப் போவது 4.5 சதுர மீட்டர், 48 சதுர அடிதான். தெரு முழுக்க ஒரு மீட்டர் எடுப்பதைவிட முனைகளை மட்டும் வெட்டுவது மலிவு, பலன் அதிகம். 1931இல் இடிந்த நியூசிலாந்தின் நேப்பியர் ஊரில் தெருக்களை அகலப்படுத்தியதோடு முனைகளையும் இப்படித்தான் வெட்டினார்கள்.

மேம்பாலத்தின் அடியில் மீட்புச் சாலையை வைக்காதீர்கள். கோபேயில் ஹான்ஷின் மேம்பாலச் சாலை 635 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்து, கீழே இருந்த நெடுஞ்சாலையையும் அடைத்துவிட்டது. சென்னையில் மெட்ரோ வழித்தடமும் மேம்பாலமும் முக்கியச் சாலைகளின் மேலேயே போகின்றன. ஆகவே இணையாக ஒரு திறந்த தெரு இருந்தே ஆக வேண்டும். பாலங்கள் இன்னொரு பிரச்சினை. பாலம் நின்றாலும் இரு முனையிலும் உள்ள மண் மேடு ஒரு அடி இறங்கினால் வண்டி ஏறாது. ரோட்டையும் பாலத்தையும் இணைக்கும் அப்ரோச் ஸ்லாப் இருக்கிறதா, மேடு சரியாகக் கெட்டிப்படுத்தப்பட்டதா என்று கூவத்தின் ஒவ்வொரு பாலத்துக்கும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வட சென்னையும் தென் சென்னையும் அன்றைக்கு இரண்டு ஊர்கள்.

திறந்தவெளி விட்டால் போதும் என்றும் நினைக்கக்கூடாது. 1923இல் டோக்கியோவின் ஹோன்ஜோவில், காலியாக இருந்த ராணுவ உடைக் கிடங்கு மைதானத்தில் தஞ்சம் புகுந்தவர்களில் சுமார் 38,000 பேர் தீச்சுழலில் இறந்தார்கள். எடுத்துவந்த மூட்டைமுடிச்சுகளே எரிபொருளாயின. பூங்காவின் குறைந்தது இரண்டு பக்கமாவது அகலத் தெரு வேண்டும், மரம் வேண்டும், தண்ணீர் வேண்டும். பாரிமுனைப் பக்கம் காகிதக் கடை, பிளாஸ்டிக் மொத்தக் கடை, ரசாயனக் கிடங்கு எல்லாம் வீடுகளுக்குக் கீழேயே இருக்கின்றன. இங்கே நிலநடுக்கத்தைவிடத் தீ பெரிதாக இருக்கும்.

தண்ணீர் என்றதும் தரைக்கு அடியில் போக வேண்டும். 1906இல் சான் பிரான்சிஸ்கோ எரிந்ததற்கு முக்கியக் காரணம், குடிநீர்க் குழாய்கள் உடைந்து தீயணைப்பவர்களிடம் தண்ணீர் இல்லாமல் போனது. பிறகு சந்திப்புகளுக்கு அடியில் பெரிய தொட்டிகள் கட்டினார்கள். பலவற்றில் 75,000 கேலன் கொள்ளளவு. ரோட்டின் மேல் செங்கல் வட்டம் பதித்திருந்தால் கீழே தொட்டி இருக்கிறது என்று பொருள். தெருவை எப்படியும் தோண்டும்போது ஜார்ஜ் டவுனின் பெரிய முனைகளில் இதைச் செய்துவிடலாம். நிலத்தடி நீர் மேலே இருப்பதால் தொட்டி காலியாக இருக்கும்போது மிதந்து எழும்பாதபடி அடித்தளத்தை வெளியே நீட்டிக் கனமாக்க வேண்டும். மேன்ஹோலுக்கும் இதே ஆபத்துதான். மண் இளகினால் மேன்ஹோல் ரோட்டை உடைத்துக்கொண்டு மேலே வரும், சுற்றியுள்ள குழாய் அறுந்துபோகும், வண்டியும் போக முடியாது. சுற்றிலும் மணலுக்குப் பதில் ஜல்லி நிரப்புவதும், குழாய் சேரும் இடத்தில் வளைந்துகொடுக்கும் ரப்பர் இணைப்பு வைப்பதும் அதற்கு மாற்று. பழைய வார்ப்பிரும்புக் குழாய்களை அப்படியே விடக்கூடாது. அவற்றுக்குப் பதில், எளிதில் உடையாத டக்டைல் அயர்ன் இரும்புக் குழாய் அல்லது எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய். குடிநீர்க் குழாய் மேலேயும் கழிவுநீர்க் குழாய் கீழேயும், பக்கவாட்டில் முடிந்தவரை 3 மீட்டர் தள்ளி. முட்டாக முடியாமல் வளையமாக இணைத்து, ஒவ்வொரு முனையிலும் வால்வு. இவை எல்லாம் முடிந்த பிறகே ரோடு. ரோடு மட்டம் முடிவான பிறகே வீட்டு மட்டம். வரிசை மாறினால் புது ரோட்டை மூன்று துறைகள் மூன்று தடவை தோண்டும்.

மட்டம் சென்னையின் தனிக் கவலை. லிஸ்பனில் இடிபாட்டைப் பரப்பித் தாழ்வான பகுதியை உயர்த்தினார்கள். இங்கே அப்படித் தெருவை உயர்த்தினால் தப்பி நின்ற வீடுகள் எல்லாம் பள்ளத்தில் மாட்டி, அடுத்த நவம்பர் மழையிலேயே மூழ்கும். தப்பி நின்ற வீடுகளில் மிகத் தாழ்ந்த வாசற்படியை எடுத்து, அதற்கு 15 சென்டிமீட்டராவது கீழே ரோட்டின் மேல்மட்டம் இருக்கும்படி வைத்து, அங்கிருந்து மழைநீர் வடிகாலின் சரிவைக் கணக்கிட வேண்டும்.

இடிபாடு எவ்வளவு வரும்? முன்னே சொன்ன 86 கிரவுண்டு மனையில் 70 சதவீதம் கட்டடம், சராசரி இரண்டரைத் தளம் என்றால் சுமார் 33,500 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒரு டன் என்று குறைவாகப் போட்டாலும் 33,500 டன். 10 டன் லாரியில் 3,350 நடை. இது ஒரு சிறு பகுதிக்கு மட்டும். இதைக் கொட்டப் பள்ளிக்கரணையோ பக்கத்து ஏரியோ கண்ணில் படும். கூடவே கூடாது, அது அடுத்த வெள்ளத்துக்கும், சான் பிரான்சிஸ்கோவின் மரீனா போல இளகும் இன்னொரு பகுதிக்கும் அஸ்திவாரம். நொறுக்கி, கம்பியைப் பிரித்து, ரோட்டின் அடி அடுக்குக்குப் பயன்படுத்தலாம்.

இடிபாட்டை அள்ளுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அவசரத்தில் எல்லோரும் மறப்பதும் அதுதான். ஜேசிபி உள்ளே போய்விட்டால் எல்லைக்கல், பொதுச் சுவர், கிணறு, வாசற்படி எல்லாம் போய்விடும். பிறகு எஃப்எம்பி எனும் நில அளவை வரைபடத்தைத் தரையில் பொருத்த ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. ட்ரோன் படம் எடுத்து, ஒவ்வொரு மனையின் இரண்டு மூலைகளையாவது ஜிபிஎஸ்ஸில் பதிந்து, வாசற்படிக்குப் பெயின்ட்டில் டவுன் சர்வே எண் எழுதிய பிறகே அள்ள வேண்டும். உயிரோடு இருப்பவர்களைத் தேடும் நாட்களில் இதைப் பேசவே கூடாது; அந்தத் தேடல் முடிந்த மறுநாள் சர்வேயர்கள் தெருவில் இருக்க வேண்டும்.

இவற்றில் சிலவற்றை நிலநடுக்கம் வரும்வரை வைத்திருக்கத் தேவையில்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) விரிவான வளர்ச்சித் திட்டங்களில் ஜார்ஜ் டவுனின் எந்தத் தெரு மீட்புச் சாலை, எந்த முனை வெட்டப்படும் என்று இன்றே கோடு போட்டு வைக்கலாம். ஒவ்வொரு வீடும் இடித்துக் கட்டும்போது தானாக உள்ளே தள்ளும். டவுன் சர்வே வரைபடங்களை நிலையான ஜிபிஎஸ் புள்ளிகளோடு பொருத்திவிடலாம். இவற்றோடு, கடைக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள், கோயில் இடத்திலும் அறக்கட்டளை இடத்திலும் பல தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் பட்டியலை வார்டு வாரியாக இப்போதே எடுக்க வேண்டும். மனைக்கு மனை கொடுக்கும் எந்த முறையிலும் முதலில் விடுபடுபவர்கள் பட்டா இல்லாதவர்கள்தான். சௌகார்பேட்டையில் அவர்கள் எண்ணிக்கை சிறியதில்லை. அவர்களுக்கு மாற்று இடத்தில் என்ன உரிமை என்று அரசாணையில் எழுதி வைக்காவிட்டால், புதிய அகலத் தெருவின் நடைபாதையிலேயே அவர்கள் குடியேற வேண்டிவரும்.